கடற்பாசிச் சாறும் மேனி காப்பும்

கடலாற் சூழப்பட்ட நாட்டில் வாழும் நமக்குக் கடற்பாசி புதியதொரு பொருளன்று. அலை கொணர்ந்து கரையிலே குவிக்கும் சாதாளையைத் தோட்டத்துக்கு எருவாக இட்டுப் பயிர் வளர்த்தவர் நம் தீவகத்து மக்கள். கடற்பாசியைக் காய்ச்சி ஆறவைத்துக் களியாக்கி உண்ணும் வழக்கம் நம் நாட்டு முசிலிம் மக்களிடையே, சிறப்பாக நோன்புக் காலத்தில், இன்றும் உண்டு. அவ்வாறு காய்ச்சப்படும் கஞ்சிப்பாசியை 19ஆம் நூற்றாண்டின் ஐரோப்பிய மருந்து நூலார் 'இலங்கைப் பாசி' என்றே வழங்கினர். எருவாகவும் உணவாகவும் நாம் அறிந்திருந்த அப்பொருள், இக்காலத்தில் சிறு கண்ணாடிச் சிமிழில் அடைபட்டு, முகத்துக்குப் பூசும் களிம்பாக நம் கடைத்தெருவுக்கு வந்திருக்கின்றது. சிமிழ் சிறிது, விலையோ ஓர் ஆசிரியரின் பல நாட் சம்பளத்தை விழுங்க வல்லது. மேனியை இளமையாக்கும், சுருக்கத்தை நீக்கும், நிறத்தை வெளிறச் செய்யும், தோலின் ஆழத்துக்கே சென்று ஊட்டமளிக்கும் என்று அதன் உறை பேசுகின்றது.

இவ்வுரைகளை அப்படியே நம்புவோர் உளர். 'எல்லாம் வெறும் புரட்டு' என்று நகைப்போரும் உளர். இரு சாராரும் பாசியை எடுத்துப் பார்ப்பதில்லை. பாசியிலே உள்ளது யாது, தோல் என்பது யாது, முன்னையது பின்னையதன்மேற் படும்போது நிகழ்வது யாது என்னும் மூன்றையும் அறிந்தால், சிமிழின்மேல் எழுதப்பட்டவற்றுள் எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்பதை வாங்குபவர் தாமே துணியலாம்.

முதற்கண் பெயர் பற்றிய ஒரு தெளிவு வேண்டும். நம் கரையில் ஒதுங்கும் சாதாளையிற் பெரும்பகுதி பாசியன்று. அது கடலுக்குள்ளே பூத்துக் காய்க்கும் ஒருவகைப் புல். பாசிக்குப் பூவில்லை, உண்மையான வேருமில்லை. பாறையைப் பற்றிக்கொள்ளும் பிடிப்பு ஒன்றும், தண்டு போன்றதும் இலை போன்றதுமான பகுதிகளும் மாத்திரமே உண்டு. விஞ்ஞானிகள் அல்காக்கள் என வழங்கும் இவற்றை நிறம் பற்றிப் பச்சை, சிவப்பு, கபிலம் என மூவகையாகப் பகுப்பர். இவற்றுட் கபிலப் பாசிகள் நிலத்துச் செடிகளுக்கு உறவே அல்ல என்று சொல்லத் தகும் அளவுக்கு வேறான குலத்தன.

இப்பாசிகளின் உடம்பு ஏன் வழுவழுப்பாக இருக்கின்றது? இவ்வினாவுக்கு விடை காண நம் கரை போதாது. இங்கே வற்றுக்கும் பெருக்குக்கும் இடையேயுள்ள வேறுபாடு ஒரு மீற்றருக்குங் குறைவு. பிரான்சு நாட்டின் மேற்குக் கோடியிலுள்ள பிறிற்றனி மாகாணத்தின் கரையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அங்கே சென் மாலோ என்னும் துறையில், பெருவெள்ளக் காலத்தில் நீர் 12 மீற்றருக்கு மேல் ஏறி இறங்கும். காலையில் ஆழத்திற் கிடந்த பாசி நண்பகலில் வெறும் பாறைமேல் வெயிலிலும் காற்றிலும் கிடக்கும். மாலையில் மறுபடியும் கடல் வந்து மூடும். நாளுக்கு இருமுறை உலர்ந்தும் நனைந்தும் உயிர் வாழ்தல் எளிதன்று. 'நோரி' என்ற பெயரால் யப்பானியர் உண்ணும் செம்பாசியின் இனத்தவை, தம் உடம்பு நீரிற் பத்தில் ஒன்பது பங்கை இழந்த பின்னும், கடல் திரும்பி வந்ததும் பழையபடி தழைக்கும் ஆற்றலுடையன. இத்தகைய வாழ்வுக்குக் கடினமான கலச்சுவர் உதவாது. நீரை உறிஞ்சி வீங்குவதும், அலை அடித்தால் முறியாது வளைவதுமாகிய களிப்பொருளே கலச்சுவரில் நிறைந்திருத்தல் வேண்டும். கபிலப் பாசிகளில் அப்பொருள் அல்ஜின். சிலவற்றில் உலர்ந்த எடையில் நூற்றுக்கு நாற்பது வரை இதுவே ஆகும். செம்பாசிகளிற் கராசீனன், அகர் என்பன. இவையெல்லாம் சர்க்கரை போன்ற சிறு அலகுகள் ஆயிரக்கணக்கிற் கோக்கப்பட்ட நெடுஞ்சங்கிலிகள். பாசியின் பயனெல்லாம், உணவுக்காயினும் மருந்துக்காயினும் மேனிக்காயினும், பெரும்பாலும் இக்களியின் பயனே என்பதை நாம் மனத்திற் கொள்ளவேண்டும்.

பிறிற்றனி மக்கள் பெரும்பாலும் இக்களிக்காகப் பாசியைத் திரட்டியவரல்லர். அவர்கள் பாசியை எரித்தனர். கரையோரத்திற் கற்குழி அமைத்து, உலர்ந்த பாசியை நாட்கணக்கில் எரித்து, சாம்பற் கட்டியைக் கண்ணாடி செய்வோருக்கும் சவர்க்காரம் செய்வோருக்கும் விற்றனர். 1811ஆம் ஆண்டில் பேர்னார் கூர்த்துவா என்ற பிரெஞ்சு இரசாயனர் வெடியுப்புத் தொழிலுக்காகப் பாசிச் சாம்பலைக் கையாளுகையில், கந்தக அமிலத்தைச் சற்று மிகுதியாக வார்க்க, ஊதா நிற ஆவி எழுந்து குளிர்ந்து பளபளக்கும் படிகமாயிற்று. அதுவே அயடீன். அதன் பின்னர்ப் புண்ணுக்கு மருந்தாகும் அயடீனுக்காகப் பாசி எரிந்தது. கலச்சுவர்க் களியை முதலிற் பிரித்தெடுத்து 1881இல் அதற்குக் காப்புரிமை பெற்றவர் எட்வேட் ஸ்ரான்போட் என்ற பிரித்தானிய இரசாயனர். 'அல்ஜின்' என்ற பெயர் அவர் இட்டதே. எரித்தால் முற்றும் அழிந்துபோகும் பகுதியிலேதான் செல்வம் இருக்கின்றது என்பதை அவர் கண்டார். இன்று பிறிற்றனியின் லானில்தூ துறையில் வந்திறங்கும் பாசிப் படகுகளின் சரக்குப் பெரும்பாலும் அல்ஜின் தொழிற்சாலைகளுக்கே போகின்றது.

பாசி மேனிக்கு வந்த வழி இதனின் வேறானது. அது மருத்துவத்தின் ஓரமாகவும் நம்பிக்கையின் நடுவாகவும் வந்த வழி. 1899இல் லூயி பாகோ என்ற மருத்துவர் பிறிற்றனியின் ரொஸ்கொவ் ஊரில், வெந்நீராக்கிய கடல்நீரில் நோயாளரை அமிழ்த்தி மூட்டுவலிக்குச் சிகிச்சை செய்யும் நிலையம் ஒன்றைத் தொடங்கினார். 1904இல் ரெனே கெந்தொன் என்பார் கடல்நீருக்கும் உயிர்களின் குருதிநீருக்கும் உள்ள ஒப்புமையை வலியுறுத்திப் பெருநூலொன்று வெளியிட்டார். உயிர்கள் கடலிலே தோன்றின. கடலின் உப்புக்கள் நம் குருதியிலும் உள. ஆகவே கடல் நமக்குத் தாய்ப்பால் போன்றது என்ற எண்ணம் அந்நூலால் வேரூன்றியது. துவிச்சக்கர வண்டி வீரராகிய லூயிசொன் பொபே, மோட்டார் விபத்தொன்றின் பின் ரொஸ்கொவில் இச்சிகிச்சை பெற்று, 1964இற் கிபெரொன் ஊரில் தாமே பெரிய நிலையமொன்றை நிறுவினார். நோயாளர் வந்த இடத்துக்கு ஓய்வு விரும்புவோர் வந்தனர். மூட்டுக்குக் கட்டிய பாசிக்குழம்பு முகத்துக்கும் ஏறிற்று. முகத்துக்கு ஏறியது சிமிழில் அடைபட்டு உலகெங்கும் சென்றது.

உப்பின் ஒப்புமையிலிருந்து ஊட்டத்தை அனுமானிப்பது பிழையான தருக்கம். கடல்நீரின் உப்பு குருதிநீரின் உப்பினும் ஏறத்தாழ நான்கு மடங்கு செறிவுடையது. அஃது எவ்வாறாயினும், நம் குருதியில் இருப்பதொன்று தோலின்மேற் பூசப்பட்டதும் குருதிக்குட் போய்விடும் என்பதற்கு அவ்வொப்புமை சான்றாகாது. இரும்பும் குருதியிலே உண்டு. ஆணியைக் கையிலே தேய்த்துச் சோகையை மாற்றியவர் எவருமிலர்.

இனித் தோலை நோக்குவோம். தோல் ஒரு மதில். அதன் புறத்தே அமைந்துள்ள கொம்புப்படை ஒரு மில்லிமீற்றரின் நூற்றில் ஒரு பங்கு அல்லது இரு பங்கு தடிப்பேயுடையது. எனினும் உடம்பின் நீர் வெளியே வீணாகாமலும் புறத்துப் பொருள் உள்ளே புகாமலும் காப்பது அதுவே. இறந்து தட்டையான கலங்கள் செங்கல் போலவும், கொழுப்புப் பொருள்கள் சாந்து போலவும் அடுக்கப்பட்ட சுவர் அது. இச்சுவரினூடே எவை செல்லும், எவை செல்லா என்பதற்கு 2000ஆம் ஆண்டில் ஒல்லாந்து ஆய்வாளர் இருவர் எளிய அளவுகோலொன்றை எடுத்துக் காட்டினர். தோலில் ஒவ்வாமை விளைப்பனவும், தோல்வழி மருந்தாகப் பயன்படுவனவும் ஏறத்தாழ எல்லாம் மூலக்கூற்று நிறை 500 தாற்றனுக்குக் குறைந்தவையே என்பது அவர் கண்டது. ஐதரசன் அணுவொன்றின் நிறையை ஒன்று எனக் கொண்டால் 500 என்பது எத்துணைச் சிறிது என்பதை மாணவர் உணர்வர். கிளிசரினின் நிறை 92. அல்ஜின் சங்கிலியொன்றின் நிறையோ பல்லாயிரம் முதல் இலட்சக்கணக்கு வரை செல்லும். ஊசித் துளையூடே வடக்கயிற்றைச் செலுத்த முடியாதவாறு போல, பாசிக்களி குறைவற்ற தோலினுள்ளே செல்ல முடியாது. 'ஆழத்துக்குச் சென்று ஊட்டமளிக்கும்' என்ற சொற்றொடர், பாசிக்களியைப் பொறுத்தவரை, இவ்விடத்திலேயே வீழ்ந்துபடுகின்றது.

அங்ஙனமாயின் பாசியாற் பயனில்லையோ எனின், உண்டு. உள்ளே போகாமையே அதன் பயனுக்குக் காரணம். கொம்புப்படை மென்மையாக இருப்பதற்கு வேண்டுவது யாது என்ற வினாவை 1952இல் இர்வின் பிளாங்கு என்ற அமெரிக்க ஆய்வாளர் எளிய முறையில் ஆராய்ந்தார். காய்ப்பேறிய தோலின் துண்டை உலர்த்தினார். அது மரச்செதிள் போல் முறியுந் தன்மை பெற்றது. அதனை எண்ணெயில் ஊறவைத்தார், அது மென்மையாகவில்லை. நீரை ஏற்கச் செய்ததும் மென்மையாயிற்று. தோலை மென்மையாக்குவது நீர்; எண்ணெயின் வேலை அந்நீரைப் போகவிடாது மூடிவைத்தலே. கொம்புப்படையில் நீரின் பங்கு நூற்றுக்குப் பத்துக்குக் கீழ் இறங்கினால் தோல் வெடிக்கவும் செதிளாகவும் தொடங்கும். நீண்ட நேரம் குளிரூட்டிய அறையில் இருப்போரும், சவர்க்கார நீரில் நாள்தோறும் கைவைப்போரும் அறிந்த துன்பம் இது.

இங்கேதான் பாசிக்களி தன் வேலையைச் செய்கின்றது. தன் எடையினும் பன்மடங்கு நீரைப் பற்றி நிற்கும் அக்களி, தோலின்மேல் மெல்லிய படலமாகப் பரந்து, கொம்புப்படையைச் சிறிதுநேரம் ஈரலிப்போடு வைத்திருக்கின்றது. களிம்பில் எண்ணெயும் நீரும் பிரிந்து போகாமற் பிடித்துவைப்பதும், அது வழிந்தோடாத தடிப்பைப் பெறுவதும், விரலுக்கு இதமாக இருப்பதும் பெரும்பாலும் இத்தகைய களிகளாலேயே. பற்பசை குழாயிலிருந்து புழுப்போல் உருண்டு வருவதற்கும் சில வகைகளிற் கராசீனனே காரணம். இவ்வேலை சிறிதன்று. ஆயின் இது பணிப்பெண் வேலை; அரசியின் வேலையன்று. ஈரம் பற்றுவதிற் கிளிசரினுக்கும், ஈரத்தை மூடிவைப்பதில் வசிலீனுக்கும் நிகரான மலிவுப் பொருள்கள் அரிய. கடற்பாசி அவற்றுக்குத் துணையாகலாம். அவற்றை வென்றது என்று சொல்லுதல் மிகை.

அல்ஜினுக்கு வேறொரு வியத்தகு குணம் உண்டு. சோடியத்தோடு கூடிய அல்ஜினேற்று நீரிற் கரையும். கல்சியம் வந்து சேர்ந்ததும் அச்சங்கிலிகள் ஒன்றையொன்று பற்றி இறுகிக் களிக்கட்டியாகும். முட்டைப் பெட்டியின் குழிகளில் முட்டைகள் அமர்வதுபோல, இரு சங்கிலிகளின் மடிப்புக்களிடையே கல்சிய அணுக்கள் அமர்கின்றன என்பது 1973இல் முன்வைக்கப்பட்ட விளக்கம். நம் ஆய்கூடத்திலேயே இதனைக் காணலாம். சோடியம் அல்ஜினேற்றுக் கரைசலைக் கல்சியங் குளோரைட்டுக் கரைசலிலே துளித்துளியாக விட்டால், ஒவ்வொரு துளியும் விழுந்த கணமே முத்துப்போல் உருண்டு நிற்கும். அழகு நிலையங்களில் முகத்திற் பூசி, இறுகிய பின் தோல்போல் ஒருங்கே உரித்தெடுக்கும் முகமூடிப் பூச்சு இவ்விரசாயனமே. தூளில் அல்ஜினேற்றும், மெல்லக் கரையும் கல்சியஞ் சல்பேற்றும், உடனே இறுகிவிடாமல் தாமதப்படுத்தும் பொசுபேற்று ஒன்றும் உள. பல் வைத்தியர் பல்லின் அச்செடுக்கப் பயன்படுத்துவதும் ஏறத்தாழ இதே தூள்தான். முகமூடி மூடியிருக்கும் கால் மணிநேரத்தில் தோலின் நீர் வெளியேறாது தங்குகின்றது. ஆகவே உரித்தெடுத்ததும் முகம் பூரித்துத் தோன்றும். அப்பூரிப்பு, நீர் மீண்டும் ஆவியாகிப் போகும்வரை நிற்கும்.

மருத்துவமனையிலும் அல்ஜின் தோலைத் தொடுகின்றது. அங்கே அதன் தொண்டு ஐயத்துக்கு இடமற்றது. ஈரமான புண் உலர்ந்த புண்ணினும் விரைவில் ஆறும் என்பதை ஜோர்ஜ் வின்ரர் 1962இற் பன்றித் தோலில் நடத்திய சோதனையால் நிறுவினார். கல்சியம் அல்ஜினேற்று நாரினாற் செய்த பஞ்சினைக் கசியும் புண்ணில் வைத்தால், புண்ணீரிலுள்ள சோடியம் கல்சியத்துக்குப் பதிலாக நாரிலே புக, நார் களியாக மாறிப் புண்ணை ஈரமாகப் போர்த்துக்கொள்கின்றது. கட்டுப் பிரிக்கும்போது புதுத்தசையைப் பிய்த்து வாராது. விளம்பரம் இதனைக் குறிப்பதில்லை. புண்ணைக் காட்டிச் சிமிழ் விற்க முடியாதன்றோ!

இதுவரை களியைப் பற்றிச் சொன்னோம். பாசியிலே சிறிய மூலக்கூறுகளும் உள. இவற்றைப் பற்றிய ஆராய்ச்சியே இக்காலத்தில் மிகுதி. வீண்பேச்சும் இவற்றைப் பற்றியே மிகுதி. நோரிப் பாசி வெயிலிற் கிடந்து வாடும்போது ஊதாக்கடந்த கதிர்களிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள ஒரு பொருளைச் சமைக்கின்றது. 334 நனோமீற்றர் அலைநீளமுள்ள கதிரை அது மிகுதியாக உறிஞ்சுவதால், பாசியின் இலத்தீன் பெயரோடு சேர்த்துப் 'போபைரா 334' என அதற்குப் பெயரிட்டனர். நம் தோலைச் சுருங்கச் செய்யும் நீண்ட அலைக் கதிர்களும் அவ்வெல்லையிலேயே உள ஆதலின், இதனைப் பூச்சுக்களிற் சேர்க்கின்றனர். கருத்து நல்லது. ஆயினும் பூச்சில் அமையும் அளவு சிறிது. வெயிற்காப்புப் பூச்சு ஒன்றின் இடத்தை அது நிரப்பாது. (இப்பாசியைப் பற்றிப் பேசுமிடத்து ஒரு செய்தியை விடுதற்கு மனமில்லை. இதன் வாழ்க்கை வட்டத்திற் சிப்பி ஓட்டினுள்ளே மறைந்து வாழும் பருவம் ஒன்றுண்டு என்பதை 1949இற் கண்டவர் கதலீன் துரூ என்ற ஆங்கிலப் பெண்மணி. அக்கண்டுபிடிப்பால் யப்பானின் நோரிப் பயிர்ச்செய்கை உயிர்பெற்றது. அந்நாட்டிற் கால்வையாத அவருக்கு அந்நாட்டுக் கடற்றொழிலாளர் நினைவுச்சின்னம் எழுப்பி, ஆண்டுதோறும் சித்திரை மாதத்தில் விழா எடுக்கின்றனர்.)

கபிலப் பாசிகளில் புளோரோதனின் என்னும் துவர்ப்புப் பொருள்கள் உள. கொரியக் கடலில் வளரும் எக்குலோனியாப் பாசியிலிருந்து எடுத்த தயக்கோல் என்ற பொருள், தோலின் கருநிறப்பொருளாகிய மெலனினைச் சமைக்கும் நொதியத்தைத் தடுப்பது சோதனைக் குழாயிலே கண்ட உண்மை. இதனைப் பற்றிக்கொண்டே 'வெண்மையூட்டும் கடற்பாசி' என்ற பேச்சு எழுந்தது. தயக்கோலின் மூலக்கூற்று நிறை 742. நாம் மேலே கண்ட 500 என்ற அளவை அது தாண்டிவிட்டது. மெலனினைச் சமைக்கும் கலங்களோ மேற்றோலின் அடித்தளத்திலே இருக்கின்றன. குழாயில் நொதியமும் பொருளும் ஒன்றையொன்று நேரே சந்திக்கின்றன. முகத்திலே அவற்றிடையே மதில் நிற்கின்றது. இதனோடு நிறத்தைப் பற்றியும் ஒரு சொல். மெலனின், இவ்வெப்ப நாட்டின் வெயிலை நம் கலங்களின் கருவிற் படாமல் தாங்கும் குடை. அக்குடையைக் களைவதற்கு ஓர் இளம்பெண் பணங்கொடுக்க வேண்டும் என்று கற்பித்தவர் எவரோ, அவர் கடற்பாசியினும் பழைய நோயொன்றை விற்கின்றார். வெளிறச் செய்யும் களிம்புகள் சிலவற்றில் இரசம் கலந்திருப்பதும், அது சிறுநீரகத்தைக் கெடுப்பதும் விளையாட்டல்ல. அவ்வகைச் சிமிழின்மேற் கடற்பாசியின் படம் இருந்தாலும் இரசம் இரசமே.

பாசிச் சாற்றை மனிதர் முகத்திலேயே பூசி அளந்து பார்த்த ஆய்வு இல்லாமலில்லை. 2002இல் யப்பானிய ஆய்வாளர் சிலர், பியூக்கசு என்னும் கபிலப் பாசியின் சாற்றை நூற்றுக்கு ஒன்றாகக் கலந்த களியை நாளுக்கு இருமுறை ஐந்து வாரம் கன்னத்திலே பூசச் செய்து, தோலின் தடிப்புக் குறைந்ததையும் நெகிழ்ச்சி கூடியதையும் கருவிகளால் அளந்து வெளியிட்டனர். இது மதிக்கத்தக்க முயற்சி. ஒரு பாசியின் ஒரு வகைச் சாறு, ஒரு குறித்த அளவில், சில வாரங்களில் அளக்கத்தக்க மாற்றத்தைத் தந்தது என்பதே இதன் பொருள். எல்லாப் பாசியும், எவ்வளவாயினும், எல்லார்க்கும் அவ்வாறு செய்யும் என்பது இதிலிருந்து பெறப்படாது. 1913இற் சுவீடன் நாட்டு கைலின் கண்டெடுத்த புக்கோயிடன் என்ற பொருளைப் பற்றிய செய்திகளிலும் பெரும்பாலானவை கலங்களை வளர்த்த தட்டுக்களிலிருந்து வந்தனவே.

இனி உறையின் பின்புறத்தைப் படிக்கலாம். சேர்மானங்களை எடை மிகுந்ததிலிருந்து குறைந்தது நோக்கி வரிசைப்படுத்தல் வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. பல நாடுகளும் இதனைப் பின்பற்றுகின்றன. நூற்றுக்கு ஒன்றுக்குக் குறைந்தவற்றை மாத்திரம் எவ்வரிசையிலும் எழுதலாம். ஆகவே பழுதுறாமற் காக்கும் மருந்துகளுக்கும் வாசனைக்கும் அருகே கடைசி வரியிற் பாசியின் பெயர் நின்றால், அது பெயரளவிற் சேர்ந்தது எனக் கொள்ளலாம். பாசியின் இலத்தீன் பெயர் முழுமையாக எழுதப்பட்டிருப்பின் நன்று. 'அல்கா சாறு' என்று பொதுப்படச் சொல்லி நிறுத்துவது, 'மரச்சாறு' என்று சொல்லி மாமரமோ எட்டிமரமோ என்பதை மறைப்பதற்கு ஒப்பாகும். 'மாரிசு அக்குவா' என்றிருந்தால் அஞ்சவேண்டியதில்லை, அது கடல்நீர். சாறு என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஆலைகளுக்கு விற்கப்படும் சாறுகள் பலவற்றில் நீரும் கிளிசரினும் போன்ற கரைப்பான்களே பெரும்பங்கு. பாசியின் பொருள் அதிற் சிறுபங்கு. அச்சாற்றிலும் ஒரு சிறிதே களிம்பிற் சேர்கின்றது.

'கிறேம் த லா மேர்' என்ற களிம்பின் புகழ் இத்துறையிற் பெரிது. மக்சு இயூபர் என்ற விண்வெளிப் பௌதிகர் தம் தீப்புண்ணுக்காகப் பன்னிரண்டு ஆண்டும் ஆறாயிரம் சோதனையும் செலவிட்டுப் புளிக்கவைத்த பாசிக் குழம்பைக் கண்டார் என்பது விற்போர் உரைக்கும் வரலாறு. 1995இல் எஸ்ரி லோடர் நிறுவனம் அதனை வாங்கியது. அதன் சேர்மானப் பட்டியலிற் பாசிச் சாறு முதலிடம் பெற்றிருந்தது. அதனை அடுத்து நின்றவை கனிய எண்ணெய், வசிலீன், கிளிசரின். இம்மூன்றும் வறண்ட தோலுக்குச் செய்யும் நன்மை நெடுங்காலமாக நிறுவப்பட்டது. பூசியவர் மேனி மென்மையாயிற்று என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. அம்மென்மையை எதன் கணக்கில் எழுதுவது என்பதே வினா.

பாசி எடுக்கும் கைகளைப் பற்றியும் கூறவேண்டும். மன்னார்க் குடாவின் அக்கரையில், இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரைப் பெண்கள் பல தலைமுறையாகக் கண்ணாடி அணிந்து மூச்சடக்கி மூழ்கி, மரிக்கொழுந்துப் பாசியை அகருக்காகவும் கட்டக்கோரையை அல்ஜினுக்காகவும் பாறையிலிருந்து பறிக்கின்றனர். பாறையும் சிப்பியும் கிழிக்காதிருக்க விரல்களிலே துணி சுற்றிக்கொள்வர். உப்பு நீரில் மணிக்கணக்காக ஊறும் அத்தோலுக்கு எந்தச் சிமிழும் வருவதில்லை. கராசீனனுக்காகக் கப்பாபைக்கசு என்னும் செம்பாசி அக்கரைக்குக் கொண்டுவரப்பட்டது. பின்னர் மூங்கில் மிதவைகளிற் பயிரிடப்பட்டது. 45 நாளில் அறுவடைக்கு வரும் அப்பாசி வறிய குடும்பங்களுக்கு வருவாய் தந்தது உண்மை. 2008இற் குருசடைத் தீவின் பவளப் பாறைகளை அது போர்த்து மூடத் தொடங்கியமை வெளியிடப்பட்டதும் உண்மை. இக்கரையிலும் கிளிநொச்சி மாவட்டத்து வலைப்பாடு போன்ற இடங்களில் அதே பாசி பயிராகின்றது. உலர்த்தி மூட்டையாகக் கட்டி ஏற்றுமதி செய்யும் இத்தொழிலில், விலையை நிர்ணயிப்போர் கடல் கடந்திருக்கின்றனர். பவளப் பாறைகளுக்கு எத்துணைத் தொலைவில் மிதவை இடுவது, அறுந்த துண்டுகளை யார் பொறுக்குவது என்பவற்றை நம் உயிரியல் மாணவர் நேரிற் சென்று ஆராய்ந்தால், அது எந்தப் பரீட்சை வினாவினும் பயனுடையதாகும்.

இறுதியாக, விரும்புவோர் வீட்டிலே செய்து பார்க்கத்தக்க சோதனை ஒன்று. கஞ்சிப்பாசியைப் பலமுறை நன்னீரிற் கழுவி வெயிலில் வெளுக்க உலர்த்துக. ஒரு பிடி பாசியை ஒரு மணிநேரம் நீரிற் கொதிக்கவைத்துத் துணியில் வடித்து, இளஞ்சூட்டில் நீர் கலந்து தளர்வாக்கி, இடது முன்கையின் ஒரு புறத்திற் பூசுக. வலது முன்கையின் ஒரு புறத்தில் நீர் கலந்த கிளிசரினையும், மறு புறத்தில் வசிலீனையும் பூசுக. முதலில் இடது கை குளிர்ந்து வழுவழுக்கும். பத்து நிமிடத்திற் படலம் உலர்ந்து சுருங்க, தோல் இறுகுவது போன்ற உணர்ச்சி தோன்றும். சிமிழ் விற்போர் 'தோலை இறுக்கும்' என்று சொல்வது பெரும்பாலும் இவ்வுணர்ச்சியையே. ஒரு மணிநேரத்தின் பின் மூன்று இடத்தையும் விரலாற் றடவி ஒப்பிட்டுப் பார்த்து, பின்னர்க் கையைக் கழுவுக. இறுக்கம் நீரோடு போய்விடும். முகத்திற் பூசவேண்டாம்; மிஞ்சிய களியைச் சேமிக்கவும் வேண்டாம். பழுதுறாமற் காக்கும் மருந்து எதுவும் அதிற் சேரவில்லை ஆதலால், நம் நாட்டு வெப்பத்தில் இரண்டொரு நாளிலேயே அதிற் பூஞ்சணம் பூக்கும்.